சார்ஜா ஃபைல்

ஹமீது சுல்தான் பாயின் சிவப்புக் கார் எங்கள் வீட்டுப் பூவரச மரத்தடியில் வந்து நின்றது. ஓட்டி வந்த மச்சான் இறங்கும்போது அவர் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்தேன். என்ன கேட்டு வந்திருக்கிறார்கள் என்று புரிந்து, என்னால் முடியாது என்று சொல்ல வாயெடுத்தவன் அப்படியே மூடிக்கொண்டேன்.

மச்சான் யேசுதாஸ் என் அக்கா லீமாரோஸின் கணவர். தங்கச்சிமடத்தில்தான் பிறந்து வளர்ந்தவர். முன்பு விசைப்படகில் போய்க்கொண்டிருந்தார். எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு அந்தப் பக்கத்துச் சிறையில் கிடந்துவிட்டு வந்த பிறகு, அக்கா அவரைக் கடலில் இறங்க விடவில்லை. பாலத்துக்கு அந்தப் பக்கம் மண்டபத்தில் நண்டு ஏற்றுமதி செய்கிற ஹமீது சுல்தான் பாயிடம் டிரைவராகச் சேர்ந்தார். கம்பெனி வேன் ஓட்டுவதுதான் வேலை. பாய் இரண்டு கதவு வைத்த ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியதும், அதைக் கழுவுவது, பெட்ரோல் போடுவது எல்லாம் மச்சான் பொறுப்பாயிற்று. அந்தச் சாவியை அவர் சட்டைப்பையில் வைக்கமாட்டார். கழுத்தில் சிலுவைக் கயிற்றோடு சேர்த்துப் போட்டுக்கொள்வார்.

"ஏலே ரீகா, பாய் உன்னப் பாக்கணும்னு வந்துருக்காக," என்றார்.

பாய் மறுபக்கக் கதவைத் திறந்துகொண்டு சிரமப்பட்டு இறங்கினார். அந்தக் காரில் ஏறி இறங்க இடுப்பு வளைய வேண்டும். அவருக்கு வளையவில்லை.

"ஒம் மச்சான் ஒன்னப் பத்திப் பேசாத நாளே இல்ல தம்பி. துபாய்ல ஷேக்கு வண்டியெல்லாம் ஒங் கைக்குத்தான் வருதாமே?"

"சார்ஜா பாய்," என்றேன். திருத்த வேண்டியதை விட்டுவிட்டு ஊர்ப் பெயரை மட்டும் திருத்தினேன்.

"ரெண்டும் ஒண்ணுதான். இந்த வண்டி மூளைய மாத்தி எழுதுனா இன்னும் பறக்குமாம்ல? எம் மக சொல்றா, வாப்பா, ஒங்க வயசுக்கு ஆம்புலன்ஸ்தான் பறக்கணும்னு. அவ கெடக்கா."

அக்கா அவருக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தாள். "எந் தம்பி அங்கன அதத்தான் பாய் எழுதுறான். வெள்ளக்காரனே இவன்ட்டதான் வந்து நிக்கானாம்," என்றாள்.

நான் சார்ஜாவில் என்ன வேலை பார்க்கிறேன் என்பது வீட்டில் யாருக்கும் தெரியாது. எழுதுகிறேன் என்று நினைத்திருந்தார்கள். ஒரு காரின் பானட் மேல் லேப்டாப்பை வைத்துக்கொண்டு நிற்கிற படம் ஒன்றை அனுப்பியிருந்தேன். அதை அக்கா தெரு முழுக்கக் காட்டியிருந்தாள். அதிலிருந்து நான் இன்ஜினியர்.

காருக்குள் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. எவ்வளவு காற்று, எவ்வளவு பெட்ரோல், எந்தக் கணத்தில் தீப்பொறி என்கிற கணக்கெல்லாம் அதற்குள் வரிசை வரிசையாக எண்களாகக் கிடக்கும். கம்பெனிக்காரன் எல்லா ஊர்ப் பெட்ரோலுக்கும் எல்லா ஊர் வெயிலுக்கும் சேர்த்து அதைப் பயந்து பயந்து எழுதியிருப்பான். அந்த எண்களை மாற்றினால் அதே எஞ்சின் இன்னும் வேகமாக இழுக்கும். மாற்றுகிறவன் நான் இல்லை. ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் கேபிளைச் செருகுவேன். உள்ளே இருக்கும் ஃபைலை எடுத்து வேறொரு நாட்டில் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு அனுப்புவேன். அவர் முகத்தைக்கூட நான் பார்த்ததில்லை. அவர் எண்களை மாற்றி அனுப்புவார். நான் திரும்ப ஏற்றுவேன். திரையில் பச்சைக் கோடு நிறைகிற வரைக்கும் காரின் பேட்டரி இறங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். என் வேலை அதோடு முடிந்தது.

ஊருக்கு லீவில் வரும்போது வேலை செய்கிற கடையின் லேப்டாப்பைக் கொண்டுவர முடியாது. என்னிடம் என் சொந்த லேப்டாப்பும், காரில் ஃபைல் ஏற்றுவதற்குச் சீனாவில் செய்த ஒரு போலிக் கருவியும் இருந்தன. அந்த லேப்டாப்பில் பாய் காரின் அதே மாடலுக்கு ஒரு ஃபைல் கிடந்தது. சார்ஜாவில் ஒருவர் பந்தயத் திடலில் ஓட்டுகிற வண்டியின் ஃபைல். அவர் அதற்கென்று டிரம்மில் வருகிற பந்தயப் பெட்ரோலைத்தான் ஊற்றுவார்.

எங்கள் ஃபோர்மேன் அந்த வண்டியைப் பற்றி ஒருமுறை சொன்னது எனக்கு நன்றாக நினைவிருந்தது. எஞ்சின் மேல் ஒரு சென்சார் உண்டு. பெட்ரோல் மட்டமாக இருந்து உள்ளே நேரம் கெட்டு வெடித்தால், அந்தத் தட்டுகிற சத்தம் அதற்குக் கேட்கும். கேட்டதும் கம்ப்யூட்டர் தீப்பொறியைத் தாமதமாக்கி எஞ்சினைக் காப்பாற்றும். பந்தய வண்டியில் வேறு சத்தங்கள் அதிகம் என்பதால் அந்த ஃபைலில் சென்சாரின் காதைப் பாதி அடைத்துவிட்டார்கள். "இத வேற வண்டில ஏத்தாத. வலிக்குதுன்னு சொல்லக்கூட அதுக்கு வாய் இருக்காது," என்று ஃபோர்மேன் சொல்லியிருந்தார்.

அத்தனையும் தெரிந்துதான் ஏற்றினேன். பாய் தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் வேலை முடிந்துவிட்டது. காரில் இருந்த பழைய ஃபைலை எடுத்துப் பத்திரமாக வைத்துக்கொண்டேன். நான் ஊரில் இருக்கிற வரைக்கும் தாங்கினால் போதும், போகும்போது பழையதை ஏற்றிவிட்டு ஏதாவது காரணம் சொல்லிக்கொள்ளலாம் என்பது என் கணக்கு.

"மச்சான், இனிமே பவர் பெட்ரோல் மட்டும்தான் போடணும். சாதா ஒரு சொட்டு உள்ள போகக்கூடாது," என்றேன்.

"நீ சொல்லிட்டேல்ல," என்றார் மச்சான்.

நம் ஊர்ப் பவர் பெட்ரோலும் அந்த ஃபைலுக்குப் போதாது. அதை நான் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் பாயும் நானும் தனுஷ்கோடி ரோட்டுக்குப் போனோம். முகுந்தராயர் சத்திரம் தாண்டினால் அரிச்சல்முனை வரைக்கும் ரோடு கோடு போட்டது மாதிரிப் போகும். இரண்டு பக்கமும் கடல். சுற்றுலா வேன்கள் வர ஆரம்பிக்கும் முன் அங்கே நாயும் மணலும்தான் இருக்கும். பாய் மிதித்தார். முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. மேற்கிலிருந்து அடித்த கச்சான் காற்று ரோட்டின் குறுக்கே ஓட்டிய மணல், கண்ணாடியில் மழை மாதிரித் தெறித்தது.

பாய் சிரித்துக்கொண்டே இருந்தார். முனையில் போய் நிறுத்திவிட்டும் சிரிப்பு அடங்கவில்லை. "மாஷா அல்லா. தம்பி, நான் சின்னப் பையனா இருக்கையில இந்த மணல்ல லாரியப் பிடிச்சுத் தொங்கிக்கிட்டுதான் வந்துருக்கேன். இன்னைக்கு வயசு எறங்கிருச்சு," என்றார்.

திரும்பி வரும்போது கண்ணாடியை ஏற்றிவிட்டு எஞ்சின் சத்தத்தையே கேட்டுக்கொண்டு வந்தேன். ஒன்றும் கேட்கவில்லை. அந்தச் சந்தோஷத்தில் நானே என்னை இன்ஜினியர் என்று நம்பிவிட்டேன்.

கொஞ்ச நாள் நன்றாகத்தான் போனது. மச்சான் சாயங்காலம் வந்து, பாய் இன்றைக்கு ராமநாதபுரம் போனார், யாரையெல்லாம் முந்தினார் என்று கதை சொல்லுவார். அக்கா எனக்குப் பாறை மீன் குழம்பு வைத்துப் போடுவாள். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் பெரிய மீன் கிடைப்பது கஷ்டம். கரைவலைக்காரர்களிடம் சொல்லி வைத்து எனக்கென்று வாங்கினாள்.

அதன் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயில் பூசை முடிந்து வந்ததும் பாய் கூப்பிட்டார். கொழும்பிலிருந்து வந்த பார்ட்டி ஒருவருக்கு வண்டியின் வேகத்தைக் காட்டியிருந்தாராம். "இழுக்கையில லேசா ஒரு சத்தம் வருது தம்பி. நீ கூட வந்து கேளு," என்றார்.

கோதண்டராமர் கோயில் பிரிவைத் தாண்டிப் பாய் மிதித்ததும் எனக்கு அது கேட்டது. தகரச் சட்டிக்குள் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குகிற சத்தம்.

"கால எடுங்க பாய்," என்றேன்.

அவருக்குக் கேட்கவில்லை. என் குரல் எழும்பவில்லை என்பதுதான் உண்மை. அடுத்து உள்ளே எதுவோ ஒடிந்தது. வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியது. பின்னால் வெள்ளையும் நீலமுமாகப் புகை கிளம்பி ரோட்டை மறைத்தது. பாய் ஓரங்கட்டி நிறுத்தினார். எண்ணெய் கருகிய நாற்றம். பக்கத்தில் வலை உலர்த்திக்கொண்டிருந்த இரண்டு பேர் எழுந்து நின்று பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் உட்கார்ந்து வேலையைத் தொடர்ந்தார்கள்.

பாய் மச்சானுக்குப் போன் போட்டு வேனைக் கொண்டுவரச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. டாக்டரைப் பார்ப்பது மாதிரிப் பார்த்தார்.

"என்ன தம்பி ஆச்சு? எதனால?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் உண்மையான பதில் இருந்தது. ஆனால் வாயில் வந்தது வேறு.

"பெட்ரோலு சரியில்லாதது மாதிரித் தெரியுது பாய்."

"பெட்ரோலா?"

"பவர் போட்டா இப்பிடி ஆகாது," என்றேன்.

பாய் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். டிரைவர்கள் மலிவான பெட்ரோலைப் போட்டுவிட்டு விலையுயர்ந்ததற்குக் கணக்குச் சொல்வது எல்லா முதலாளிக்கும் தெரிந்த திருட்டு. நான் அதைச் சொல்லவில்லை. அவர் அங்கேதான் போவார் என்று எனக்குத் தெரியும். அவர் போய்க்கொண்டிருப்பதை அவர் முகத்தில் பார்த்துக்கொண்டே நின்றேன்.

மச்சான் வேனில் வந்து இறங்கினார். வண்டியைச் சுற்றி வந்தார். டயரைத் தொட்டுப் பார்த்தார். செத்த வீட்டில் நிற்பவர் மாதிரி நின்றார்.

"யேசு," என்றார் பாய். "கடைசியா எந்தப் பெட்ரோல் போட்ட?"

"பவர்தான் பாய்."

"எப்பவும்?"

மச்சான் ஒரு கணம் என்னைப் பார்த்தார். "எப்பவும் பவர்தான்."

கயிறு கட்டி வேனில் இழுத்துக்கொண்டு மண்டபத்துக் குடோனில் கொண்டுபோய்ச் சேர்த்தோம். பாய் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மதுரைக் கம்பெனிக்கு அனுப்பணும். அவன் நோண்டிப் பாப்பான், மாத்துனது தெரிஞ்சா வாரண்டி இல்லம்பான். பழச ஏத்திரு," என்றார். நானும் அங்கேயே உட்கார்ந்து பழைய ஃபைலை ஏற்றினேன். பச்சைக் கோடு நிறைந்தது. நான் செய்ததற்கு அந்தக் காருக்குள் இனி எந்தத் தடயமும் இல்லை.

யாரும் பார்க்காதபோது ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். வெள்ளைப் பீங்கான் மேல் பொடிப்பொடியாக வெள்ளி மணல் மாதிரி ஒட்டியிருந்தது. பிஸ்டன் உருகித் தெறித்த துகள். கட்டைவிரலால் துடைத்துவிட்டு மறுபடியும் மாட்டினேன். விரலில் அந்தச் சாம்பல் மினுமினுப்பு அப்படியே இருந்தது.

மறுநாள் மத்தியானம் மச்சான் சாப்பிட வரவில்லை. பின்பக்கம், பழைய வலை குவித்து வைத்திருக்கும் கொட்டகையில் உட்கார்ந்திருந்தார். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"மாப்ள, ஒண்ணு சொன்னா யார்ட்டயும் சொல்லமாட்டியே?"

"சொல்லுங்க மச்சான்."

"அன்னைக்கு ஒருநா பங்குல பவர் இல்லன்னுட்டான். பாய் ராம்நாடு போகணும்னு நிக்காரு. பெட்ரோலு முள்ளு கீழ கெடக்கு. சரி, ஒரு தடவதானன்னு சாதா போட்டுட்டேன். பாதி டேங்கு. மிச்சமான காசையும் நான் எடுக்கல. மாதா மேல சத்தியமா எடுக்கல. நோட்டுல சாதான்னுதான் எழுதுனேன், பாய் அதப் பாக்கமாட்டாரு. நீ அவ்வளவு படிச்சுப் படிச்சுச் சொன்னியே, ஒரு சொட்டு போகக்கூடாதுன்னு."

அவர் அழுதார். கடலில் இருந்தவர்கள் அழுவது சத்தம் இல்லாமல்தான் இருக்கும். தோள் மட்டும் ஆடியது.

"நேத்து அவரு கேக்கையில பயத்துல பொய் சொல்லிட்டேன். எம் புத்தி. வண்டியக் கொன்னுட்டேன் மாப்ள. பாய் முன்னாடி ஒனக்கும் கெட்ட பேரு. நீ நல்லா எழுதிக் குடுத்தத நான் நாசமாக்கிட்டேன்."

பழைய ஃபைல் இருந்திருந்தால் சாதா பெட்ரோலுக்கு அந்த எஞ்சினுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. சென்சாருக்குக் கேட்டிருக்கும், கொஞ்சம் மெதுவாக இழுத்திருக்கும், அவ்வளவுதான். பாதி டேங்க் இல்லை, முழு டேங்க் ஊற்றியிருந்தாலும் அப்படித்தான். சாதாவே ஊற்றாமல் இருந்திருந்தாலும் நான் ஏற்றிய ஃபைல் அதை எப்போதாவது கொன்றிருக்கும். இதைச் சொல்ல அதைவிட நல்ல இடமும் நேரமும் எனக்குக் கிடைத்திருக்காது.

"விடுங்க மச்சான்," என்றேன். அது மட்டும்தான் சொன்னேன். அவர் முதுகில் கையை வைத்தேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ வையாம இருக்கியே, அதுவே பெருசு," என்றார்.

அன்றைக்கே பாய் பங்கில் விசாரித்துவிட்டார். அந்தப் பங்குக்காரர் அவருக்குத் தெரிந்தவர். சாதா போட்டது தெரிந்துவிட்டது. போட்டதைவிட, கேட்டபோது பொய் சொன்னதுதான் பாயைச் சுட்டிருக்கிறது. மச்சானைக் கூப்பிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டார். ஏசவில்லையாம். "நீ வீட்டுல இரு யேசு," என்று மட்டும் சொன்னாராம்.

தங்கச்சிமடத்தில் செய்தி பரவ ரொம்ப நேரம் ஆகவில்லை. தண்ணீர்க் குழாயில் ஒருத்தி அக்காவிடம், "என்னடி லீமா, ஒம் புருசன் பாய் கார்ல ஊத்துனதவிடத் தம் பையில போட்டதுதான் கூடவாமே," என்றிருக்கிறாள். அக்கா குடத்தை அங்கேயே போட்டுவிட்டு வந்துவிட்டாள்.

தடைக்காலம் முடியப் போகிற சமயம். கரையில் படகுகளுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஆன்டனி ராஜ் என்பவர் தன் விசைப்படகுக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார். மச்சான் அவரிடம் போய்ப் பேசிவிட்டு வந்தார் என்பது அக்காவுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது.

"கடலுக்குப் போகமாட்டேன்னு எந் தலைல அடிச்சுச் சொன்னீகல்ல?"

"வேற என்ன செய்யச் சொல்ற? திருடன்னு பேரு வாங்குனவனுக்கு எவன் வண்டி குடுப்பான்? கடலுக்கு அதெல்லாம் தெரியாது."

"நீங்க எடுத்தீகளா?"

"இல்லடி."

"அப்ப போகக்கூடாது."

"இல்லன்னு ஒங்கிட்டதான் சொல்ல முடியும்."

நான் உள் அறையில் சூட்கேஸில் துணி அடுக்கிக்கொண்டு இதைக் கேட்டேன். இன்னும் கொஞ்ச நாளில் எனக்கு விமானம். நான் போய்விடுவேன். இவர் கடலுக்குப் போவார். ஏதாவது ஒரு நாள் அந்தப் பக்கத்துக் கப்பல் வரும். அடுக்கிய சட்டையை எடுத்து மறுபடியும் மடித்தேன். மறுபடியும் எடுத்தேன். பிறகு லேப்டாப்பை எடுத்துக்கொண்டு மண்டபத்துக்குப் பஸ் ஏறினேன்.

பாய் அலுவலகத்தில் இருந்தார். நண்டு வேகிற வாசம் உள்ளே வரை வந்தது. அவர் மகள் அஸ்பியா எதிர் மேசையில் கம்ப்யூட்டரில் ஏற்றுமதி வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். கம்பெனியின் பாதிப் பொறுப்பு அவளுடையது.

"பாய், வண்டி போனது மச்சானால இல்ல. என்னாலதான்," என்றேன். எப்படி ஆரம்பிப்பது என்று பாலம் நெடுக யோசித்தும் வேறு வழி தெரியவில்லை. ஃபைல் எங்கிருந்து வந்தது, எந்தப் பெட்ரோலுக்கு எழுதியது, சென்சார் காது, எல்லாம் சொன்னேன்.

பாய் முழுவதையும் கேட்டார். பிறகு எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார்.

"நல்ல பிள்ள நீ. அக்கா புருசனுக்காக ஒம் பேரையே கெடுத்துக்க வந்துருக்க. நானா இருந்தாலும் இதத்தான் செஞ்சுருப்பேன். ஆனா வேணாம் தம்பி."

"இல்ல பாய், நெசம்."

"நீ எவ்வளவு பெரிய வேலைக்காரன்னு அன்னைக்கு நான் ரோட்டுல பாத்தேனே. ஒன்னய மாதிரி ஆளு தப்பான ஃபைல ஏத்துவானா? யேசு சொல்லி அனுப்புனானா?"

"அவருக்கு நான் வந்ததே தெரியாது."

"லீமாரோஸு அனுப்புச்சோ? பாவம், அதுவும் என்ன செய்யும்."

நான் செய்ததைச் செய்தேன் என்று நம்ப வைக்க முடியவில்லை. காரில் தடயம் இல்லை, நானே அழித்துவிட்டேன். பிளக்கையும் துடைத்துவிட்டேன். மிச்சம் இருந்தது ஒரே ஒரு வழி.

"பாய், நான் இன்ஜினியர் இல்ல. எனக்கு எழுதத் தெரியாது. கேபிள் மாட்டத்தான் தெரியும்."

பாய் சிரித்தார். "இப்ப இது வேறயா."

அஸ்பியா சிரிக்கவில்லை. நாற்காலியைத் திருப்பிக்கொண்டாள். "வாப்பா, அவரு சொல்றது நெசமா பொய்யான்னு பாக்குறது ஒண்ணும் கஷ்டம் இல்ல. லேப்டாப்ப வச்சிருக்காருல்ல. தொறங்க, பாப்போம்."

திறந்தேன். சார்ஜா ஃபைலை விரித்துக் காட்டினேன். திரை முழுக்க எண்கள்.

"இதுல தீப்பொறி எங்கன இருக்கு?" என்றாள்.

நான் மேலும் கீழும் நகர்த்தினேன். "தெரியல."

"சரி, வேகத்த மட்டும் கொஞ்சம் கொறைங்க. ஒரே ஒரு நம்பர். எத மாத்துவீக?"

எந்த எண்ணின் மேல் கையை வைத்தாலும் பொய்யாகிவிடும். "தெரியாது. இது எதுவுமே எனக்குத் தெரியாது. அனுப்புவாங்க, ஏத்துவேன்."

"ரெண்டு வருசமாவா?"

"ரெண்டு வருசமா."

அப்போதுதான் வாசலில் ஆள் நிற்பது தெரிந்தது. மச்சான். குடோன் சாவி இன்னொன்று அவரிடம் இருந்திருக்கிறது. அதைக் கொடுக்க வந்திருக்கிறார். கையில் சாவியோடு எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. அவர் முகத்தைப் பார்த்தேன். எல்லாமே கேட்டிருந்தது.

பாய் நாற்காலியில் உட்கார்ந்தார். என்னை அவர் பார்க்கவே இல்லை. "அன்னைக்கு ரோட்டுல வச்சு எங்கிட்டப் பெட்ரோல்னு சொன்னது நீதான்," என்றார்.

"ஆமா பாய்."

"தெரிஞ்சே சொன்ன."

"ஆமா."

"என் வண்டி கெடக்கட்டும். அதுக்கு ஆசைப்பட்டது நான். இவன நான் சந்தேகப்பட்டுட்டேனேடா." மேசை இழுப்பறையைத் திறந்து கார்ச் சாவியை எடுத்து நீட்டினார். "யேசு, இந்தா."

மச்சான் வாங்கவில்லை. "நான் சாதா போட்டது நெசம் பாய். கேட்டப்ப இல்லன்னு சொன்னதும் நெசம். அதையும் தெரிஞ்சுக்கிட்டுக் குடுக்குறதா இருந்தா குடுங்க," என்றார்.

"தெரிஞ்சுதான்யா குடுக்குறேன். பிடி."

மச்சான் வாங்கிக் கழுத்துக் கயிற்றில் கோத்துக்கொண்டார். அஸ்பியா எழுந்து அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள். எனக்கு யாரும் ஒன்றும் கொடுக்கவில்லை. போகச் சொல்லவும் இல்லை. நானே லேப்டாப்பை மூடிக்கொண்டு வெளியே வந்தேன்.

மச்சானின் பைக் வெளியே நின்றது. அவர் வந்து ஏறினார். நான் பின்னால் ஏறலாமா என்று தெரியாமல் நின்றேன். அவர் வண்டியை எடுக்காமல் காத்திருந்தார். ஏறினேன். பாலத்தில் எதிர்க்காற்று அடித்தது. பாம்பன் வந்ததும் ஒரு கடையில் நிறுத்தி அக்காவுக்கு வாழைப்பழம் வாங்கினார். என்னிடம் பையைப் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தார். அதை மட்டும்தான் பேசினார்.

வீட்டில் அக்கா சோறு எடுத்துவைத்தாள். கழுத்தில் சாவியைப் பார்த்ததும் அவள் கை நின்றது. "பாய் குடுத்துட்டாரா?" என்றாள். மச்சான் தலையை ஆட்டிவிட்டு, "ஒந் தம்பிகிட்டக் கேளு," என்று சொல்லிக் கை கழுவப் போனார்.

நான் சொன்னேன். பாயிடம் சொன்ன அதே வரிசையில் சொன்னேன். இன்ஜினியர் இல்லை என்பதையும் சொன்னேன். அவளுக்கு அதுதான் பெரிதாக இருக்கும், தெரு முழுக்கப் படத்தைக் காட்டியவள் என்று பயந்திருந்தேன். அவள் அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

"அவரு கொட்டகையில ஒக்காந்து அழுதாரே, அன்னைக்கு. நான் அடுப்படி சன்னல் வழியாப் பாத்தேன்," என்றாள். "நீ பக்கத்துலதான இருந்த?"

"ஆமாக்கா."

"அப்பவே ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

மச்சான் வந்து உட்கார்ந்தார். அக்கா அவருக்குச் சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள். பிறகு என் தட்டிலும் போட்டாள். சட்டியில் கரண்டியை விட்டுத் தேடி, எப்போதும் எனக்கென்று எடுத்து வைக்கிற நடுத்துண்டை எடுத்தாள். ஒரு கணம் அதைக் கரண்டியிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் என் தட்டில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

மச்சான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் அந்தத் துண்டைத் தொடாமல், சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

"தின்னு," என்றார் அவர். "முள்ளு கெடக்கும், பாத்துத் தின்னு."